கடினமான குழிகளும் குறைந்துவரும் திடல்களும்

“நீங்களா கோல்ஃப் விளையாடுறீங்க?”

வானொலியில் காலை நிகழ்ச்சி படைக்கும் என்னிடம் நேயர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, கோல்ஃப் பணக்காரர் விளையாட்டு ஆயிற்றே, வீவக வீட்டில் இருக்கும் உங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? மற்றொன்று, தமிழ்ப் பெண் ஒருத்தி நான்கு மணி நேரம் வெயிலில் பந்தைத் துரத்துவதற்கு வீட்டில் ஒன்றும் சொல்வதில்லையா?

சொல்கிறார்கள். “கறுத்துப் போயிடுவ” என்று அம்மா பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் பத்தாண்டுகளாக விளையாடிக்கொண்டிருக்கிறேன்.

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, பத்து மணிக்கு நிகழ்ச்சியை முடித்துவிடும் எனக்கு, வார நாள்களில் மற்றவர்கள் அலுவலகத்தில் இருக்கும் பொழுது ஓய்வாகக் கிடைக்கிறது. திடல்களில் கூட்டமும் கட்டணமும் குறைவாக இருப்பது அப்போதுதான். அப்படி விளையாடியும் வேடிக்கை பார்த்தும் எனக்குப் பிடித்துப்போன திடல்களையும், அவற்றில் நம்மை அதிகம் சோதிக்கும் குழிகளையும் இந்த வாரம் உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். அவற்றில் ஒன்று இப்போது இல்லை. அதிலிருந்தே தொடங்குவோம்.

பதின்மூன்றாம் குழி: சிங்கப்பூரின் ஒரே ‘பார் 6’

முதலில் ஒரு சிறு விளக்கம். ஒவ்வொரு குழிக்கும் ‘பார்’ என்று ஓர் எண் உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் அந்தக் குழிக்குள் பந்தைச் சேர்க்க எத்தனை அடிகள் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கான கணக்கு அது. அதில் கடைசி இரண்டு அடிகள், ‘கிரீன்’ எனப்படும் ஒட்ட வெட்டிய புல்தரையில் பந்தை உருட்டுவதற்கு. உலகெங்கும் பெரும்பாலான குழிகள் பார் 3, 4, 5 என்ற மூன்று வகைகளில் அடங்கிவிடும்.

2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மரினா பே கோல்ஃப் திடலின் பதின்மூன்றாம் குழி, பார் 6. சிங்கப்பூரில் வேறெங்கும் அப்படி ஒரு குழி இருந்ததில்லை. நீளம் 600 மீட்டரைத் தாண்டும். நான்கு நல்ல அடிகள் அடித்தால்தான் கிரீனையே தொட முடியும்.

நீளம்கூடப் பரவாயில்லை. கடலைத் தூர்த்து உருவாக்கிய சமநிலம் என்பதால் காற்றைத் தடுக்கப் பெரிய மரங்கள் இல்லை. எதிர்க்காற்றில் உயரமாக அடித்த பந்து, பள்ளி விடுமுறையில் உட்லண்ட்ஸ் பாலத்தில் மாட்டிய பேருந்துபோல அப்படியே நிற்கும். தாழ்வாக அடித்தால் வழியெங்கும் காத்திருக்கும் ஆழமான மணற்குழிகளில் ஒன்று அதை விழுங்கிக்கொள்ளும். அந்தக் குழிகளின் சுவர்கள் செங்குத்தானவை. உள்ளே இறங்கியவரின் தொப்பி மட்டும்தான் வெளியே தெரியும்.

பார் 6 கற்றுத்தரும் பாடம் பொறுமை. முதல் அடியிலேயே எல்லாவற்றையும் சாதித்துவிட நினைப்பவரை அது தண்டிக்கும். ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்கு வசதியான இடத்தில் பந்தை வைத்தால் போதும் என்று நினைப்பவரை அது விட்டுவிடும். ஒரு தாதி, ஓர் ஆசிரியை, கப்பல் பட்டறையில் பணிபுரியும் பொறியாளர் ஒருவர், நான் என்று நால்வர் சேர்ந்து ஆடும்போது, அந்தக் குழியை முடிக்க எங்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகும். தூரத்தில் சிங்கப்பூர் ராட்டினமும் நகரின் உயர்ந்த கட்டடங்களும் தெரியும். நடந்துகொண்டே பேசுவோம். பிள்ளைகளின் தேர்வு, பெற்றோரின் முழங்கால் வலி, வேலையிட மாற்றம் என எல்லாம் வரும்.

எங்கள் நால்வரிடமும் கிளப் உறுப்பியம் கிடையாது. அது தேவைப்படவும் இல்லை. சிங்கப்பூரில் 18 குழிகள் கொண்ட ஒரே பொதுத் திடல் அதுதான். குத்தகை முடிந்து, 2024 ஜூன் இறுதியில் அது மூடப்பட்டது.

செரப்போங்: டிராகனின் வால்

செந்தோசா கோல்ஃப் கிளப்பில் இரண்டு திடல்கள் உள்ளன. அவற்றுள் செரப்போங், உலகின் முன்னணி ஆட்டக்காரர்களையே யோசிக்க வைக்கும் திடல். சிங்கப்பூர் பொது விருதுப் போட்டி பல ஆண்டுகள் இங்குதான் நடந்தது.

இதன் மூன்றாம் குழியிலிருந்து ஏழாம் குழி வரையிலான பகுதிக்கு ‘டிராகனின் வால்’ என்று பெயர். தண்ணீரை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும் ஐந்து குழிகள். பக்கத்தில் துறைமுகம், கொள்கலன்களைத் தூக்கும் ராட்சத பாரந்தூக்கிகள். கண்ணுக்கு விருந்து, கைக்கு நடுக்கம். ஆட்டம் தொடங்கி உடல் சூடேறுவதற்குள் இந்த ஐந்தும் வந்துவிடுவதுதான் சிக்கல். ஒரு நல்ல சுற்று இங்கேயே முடிந்துபோகலாம்.

வாலுக்குத் தப்பியவர்களுக்குப் பதினெட்டாம் குழி காத்திருக்கிறது. பார் 5. இடப்பக்கம் நெடுகத் தண்ணீர், கிரீன் வரை கூடவே வரும். இரண்டே அடிகளில் கிரீனை எட்டிவிடலாம் என்ற ஆசையை அது காட்டும். எட்டினால் வெற்றி, தவறினால் தண்ணீர். 2012இல் சிங்கப்பூர் பொது விருதுப் போட்டி இந்தக் குழியில்தான் முடிந்தது. கூடுதல் ஆட்டத்தின் மூன்றாவது சுற்றில், அப்போது 19 வயதே ஆன இத்தாலியின் மத்தேயோ மனசேரோ, பாரைவிட இரண்டு அடிகள் குறைவாக முடித்துத் தென்னாப்பிரிக்காவின் லூயி ஊஸ்தாய்சனை வென்றார்.

நம் நேயர்கள் பலருக்கு 2008ஆம் ஆண்டுப் போட்டி நினைவிருக்கும். ‘பறக்கும் சீக்கியர்’ மில்கா சிங்கின் மகன் ஜீவ் மில்கா சிங், பாட்ரிக் ஹாரிங்டன், எர்னி எல்ஸ் ஆகிய இரு பெரும் வீரர்களையும் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பின்னுக்குத் தள்ளிக் கிண்ணத்தை ஏந்தியது இதே செரப்போங்கில்தான்.

தஞ்சோங் பதினெட்டு: பெண்கள் எழுதிய வரலாறு

செந்தோசாவின் இன்னொரு திடல் தஞ்சோங். 2017 முதல் எச்எஸ்பிசி மகளிர் உலக வெற்றியாளர் போட்டி இங்கு நடக்கிறது. வழக்கமாகப் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும். நுழைவுச்சீட்டு வாங்கிக் குடும்பத்தோடு போய் ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம். என் அக்கா மகளை ஒவ்வோர் ஆண்டும் அழைத்துப் போகிறேன்.

இதன் பதினெட்டாம் குழி, பார் 4. அதிகம் மிரட்டாது. ஆனால் போட்டியின் கடைசி நாளில் ஓர் அடி முன்னிலை என்ற நிலையில் அங்கு நிற்பவருக்கு அது வேறு குழி. 2018இல் அமெரிக்காவின் மிஷெல் வீ, கிரீனுக்கு வெளியிலிருந்து ஏறக்குறைய 36 அடி தூரம் பந்தை உருட்டிக் குழிக்குள் சேர்த்தார். அந்த ஓர் அடிதான் வெற்றி. 2024இல் ஆஸ்திரேலியாவின் ஹன்னா கிரீன் கடைசி மூன்று குழிகளிலும் பாரைவிட ஓர் அடி குறைவாக முடித்தார். பதினெட்டில் அவர் உருட்டிய நீண்ட பந்து உள்ளே விழுந்ததும் எழுந்த ஆரவாரம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அக்கா மகளுக்கு இப்போது பதினோரு வயது. பயிற்சித் தளத்தில் ஏழாம் எண் இரும்பு மட்டையால் நேராக அடிக்கிறாள். அம்மா அவளிடமும் அதே பாட்டைத்தான் பாடுகிறார். “வெயில்ல அலையாத பாப்பா, கறுத்துப் போயிடுவ.” ஒரு நாள் அவள் திருப்பிக் கேட்டாள். “போனா என்ன பாட்டி?”

அம்மா பதில் சொல்லவில்லை. மறுவாரம் கடையிலிருந்து சன்ஸ்கிரீன் களிம்பு ஒன்று வாங்கி வந்து அவள் பையில் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

ஆர்க்கிட்: இரவில் இரண்டு நிழல்

ஈசூனில் உள்ள ஆர்க்கிட் கண்ட்ரி கிளப்பில் 27 குழிகள். ஒன்பது ஒன்பதாகப் பிரித்து அராண்டா, டெண்ட்ரோ, வாண்டா என்று ஆர்க்கிட் மலர்களின் பெயர்களையே சூட்டியிருக்கிறார்கள். விளக்கொளியில் இரவிலும் ஆடலாம். பகல் முழுக்க அலுவலகத்தில் இருக்கும் இளையர்களுக்கு இது பெரிய வசதி.

இங்கே எனக்குக் கடினமாகப் படுவது ஒரு குறிப்பிட்ட குழி அன்று, இரவுதான். விளக்குக் கம்பங்கள் பல திசைகளிலிருந்து ஒளி பாய்ச்சுவதால் பந்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிழல்கள் விழும். தூரத்தைக் கணிக்கக் கண் தடுமாறும். தரையின் மேடுபள்ளம் பகலில் தெரிவதுபோல் தெரியாது. நேரம் ஆக ஆகப் பனி இறங்கிப் புல் ஈரமாகும். மாலை ஏழு மணிக்கு மூன்று மீட்டர் ஓடிய அதே உருட்டல் இரவு பத்து மணிக்கு இரண்டு மீட்டரிலேயே களைத்துவிடும்.

என் யோசனை இதுதான். இரவில் ஆடும்போது கண்ணைவிடக் காலை நம்புங்கள். பந்துக்கும் குழிக்கும் நடுவே நடந்து பாருங்கள். எந்தப் பாதத்தில் பாரம் கூடுகிறதோ அந்தப் பக்கம்தான் சரிவு.

மண்டாய்: பெரியப்பாவின் பள்ளிக்கூடம்

மண்டாயில் அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்துக்கு அருகே காட்டை ஒட்டி ஒரு சின்னத் திடல் உண்டு. மண்டாய் எக்ஸிக்யூட்டிவ் கோல்ஃப் திடல். ஒன்பதே குழிகள். கிளப் உறுப்பியம் தேவையில்லை. ஆடம்பரம் இல்லை. குரங்குகள் உண்டு, பையைத் திறந்து வைக்காதீர்கள்.

குட்டையான குழிகள்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. குட்டைக் குழியில் ஒளிந்துகொள்ள இடமில்லை. நீண்ட குழியில் முதல் அடி சரியில்லாவிட்டால் அடுத்த அடியில் ஈடுகட்டலாம். பார் 3இல் ஒரே அடியில் கிரீனுக்குப் போயாக வேண்டும். அதன்பின் உருட்டுவதில்தான் எல்லாம்.

அந்த உருட்டலை எனக்குக் கற்றுத் தந்தவர் என் பெரியப்பா. கிளப் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் புல் வெட்டும் வேலை பார்த்தவர். விடியற்காலையில் கிரீன்களை வெட்டி, குழியை இடம் மாற்றி, உறுப்பினர்கள் வருவதற்குள் ஓரமாக ஒதுங்கிவிட வேண்டும். அந்தக் காலத்தில் புல்வெட்டியும் பை சுமந்தும் இந்த விளையாட்டைத் தாங்கிய தமிழர்கள் நிறைய பேர். அவர்களில் பெரும்பாலோர் ஒரு முழு ஆட்டம்கூட ஆடியதில்லை. பெரியப்பாவும் ஆடியதில்லை. ஆனால் ஒரு கிரீனைப் பார்த்த மாத்திரத்தில் பந்து எப்படி ஓடும் என்று சொல்லிவிடுவார்.

“இங்க வா, பாப்பா. பந்துக்குப் பின்னால நின்னு புல்லைப் பாரு. பளபளன்னு தெரிஞ்சா புல்லு உன்ன விட்டு அங்கிட்டு சாஞ்சிருக்கு, பந்து ஓடும். மங்கலாத் தெரிஞ்சா புல்லு உன் பக்கம் சாஞ்சிருக்கு, இழுத்துப் புடிக்கும். கொஞ்சம் அழுத்தி அடி.”

வெப்பமண்டல நாடுகளில் வளரும் பெர்முடா வகைப் புல்லின் இயல்பு அது. ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். மழைநீர் வடியும் திசையையும் மாலை வெயிலையும் அனுசரித்துச் சாயும். தொலைக்காட்சியில் குளிர்நாட்டுப் போட்டிகளைப் பார்த்துப் பழகியவர்கள் நம் ஊர்க் கிரீன்களில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். சரிவு வலப்பக்கம் இருக்கும், புல் இடப்பக்கம் இழுக்கும், பந்து நேராகப் போகும். குழியின் விளிம்பைக் கவனித்தாலும் தெரியும். ஒரு பக்கம் கூராக வெட்டினாற்போல் இருக்கும், மறுபக்கம் புல் நைந்து பழுப்பேறியிருக்கும். புல் சாய்ந்திருக்கும் பக்கம்தான் நைந்திருக்கும்.

பெரியப்பாவுக்கு எழுபத்தைந்து வயதாகிறது. மண்டாயில் என்னுடனும் அக்கா மகளுடனும் ஒன்பது குழிகளும் நடப்பார். மட்டையைக் கொடுத்தால் வாங்க மாட்டார். சென்ற ஆண்டு ஒரே ஒருமுறை, இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து ஓர் உருட்டல். உள்ளே போனது. “சரி, போதும்” என்று மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பாலத்துக்கு அப்பால்

மரினா பே மூடப்பட்டபின் எங்கள் நால்வர் அணி மாதம் ஒருமுறை ஜோகூருக்குப் போகிறது. இஸ்கந்தர் புத்ரியில் உள்ள ஹொரைசன் ஹில்ஸ் எங்களுக்குப் பிடித்த திடல். 2011இலும் 2012இலும் இஸ்கந்தர் ஜோகூர் பொது விருதுப் போட்டி அங்கு நடந்தது. இரண்டு முறையும் மழை குறுக்கிட்டு நான்கு சுற்றுகள் மூன்றாகச் சுருங்கின. 2012இல் வென்றவர் ஸ்பெயினின் செர்ஜியோ கார்சியா.

திடல் அருமை, சாப்பாடும் அருமை. ஆனால் 18 குழிகளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் சோதனைச் சாவடிகளில் வரிசை எத்தனை மணி நேரம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எங்கள் தாதித் தோழிக்கு இரவு வேலை வந்தால் பயணம் ரத்து. சின்னப் பிள்ளை இருக்கும் ஆசிரியைக்கு அரை நாள் ஒதுக்குவது எளிது, ஒரு முழு நாள் ஒதுக்குவது கடினம். நால்வர் மூவராகி, சில மாதங்களில் இருவராகிவிடுகிறோம்.

நிலம் யாருக்கு?

கோல்ஃப் பிரியையாக இருந்தாலும் இந்தக் கணக்கை நான் மறைக்க மாட்டேன். கோல்ஃப் திடல்கள் ஏறக்குறைய 1,500 ஹெக்டர் நிலத்தை, அதாவது நாட்டின் மொத்தப் பரப்பில் சுமார் இரண்டு விழுக்காட்டை எடுத்துக்கொண்டிருந்ததாக 2014இல் அரசாங்கம் கூறியது. சின்னத் தீவில் இது சிறிய அளவன்று.

அதன்பின் ஒவ்வொன்றாக விடைபெற்றன. ஜூரோங் கண்ட்ரி கிளப் 2016 இறுதியில் மூடப்பட்டது. கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயிலுக்காக அந்த நிலம் எடுக்கப்பட்டது. பிறகு அந்த ரயில் திட்டமே ரத்தானது வேறு கதை. ராஃபிள்ஸ் கண்ட்ரி கிளப் 2018இல் போனது. 1904இல் தொடங்கிய கெப்பல் கிளப், 2021 இறுதியில் தன் பழைய திடலை விட்டு வெளியேறியது. அங்கே பெர்லேயர் என்ற புதிய குடியிருப்பு வட்டாரம் உருவாகிறது. ஆர்க்கிட்டின் குத்தகை 2030இல் முடிகிறது.

என் தம்பி திருமணமாகி, பிடிஓ வீட்டுக்காகக் காத்திருக்கிறான். அவனுக்கும் அவனைப் போன்றோருக்கும் வீடு வேண்டும். ஒரு திடல் இருந்த இடத்தில் சில ஆயிரம் குடும்பங்கள் வாழும் என்றால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

நான் கேட்பது வேறு. எஞ்சியிருக்கும் நிலத்தில் யார் விளையாட முடியும்? திடல்கள் குறையக் குறைய, உறுப்பியம் வைத்திருப்போருக்கு எங்கேனும் ஓர் இடம் கிடைத்துவிடும். பொதுத் திடலை நம்பியிருந்த தாதிக்கும் ஆசிரியைக்கும், பயிற்சித் தளத்தைத் தாண்டி அடுத்த படி எடுத்துவைக்க வேண்டிய பதினோரு வயதுப் பெண்ணுக்கும் போக இடமில்லை. சில கிளப்புகள் வார நாள்களில் வெளியாரை அனுமதிக்கின்றன. அது கூட வேண்டும். பிற்பகல் நான்கு மணிக்குமேல் ஒன்பது குழிகளை மட்டும் நியாயமான கட்டணத்தில் குடும்பங்களுக்கும் மாணவர்களுக்கும் திறந்துவிடலாம். பெரும்பாலான நாள்களில் அந்நேரத்தில் திடலில் ஆளே இருக்காது. ஒரு பிடி நிலம்கூடக் கூடுதலாகத் தேவைப்படாத தீர்வு இது.

தொடங்க விரும்புவோருக்கு

மட்டைகளை உடனே வாங்க வேண்டாம். விதிப்படி 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. தொடக்கத்தில் ஓர் இரும்பு மட்டையும் ஒரு புட்டரும் போதும். பயிற்சித் தளத்தில் இரவல் கிடைக்கும். நான்கைந்து வகுப்புகளாவது பயிற்றுநரிடம் கற்றுக்கொள்ளுங்கள். பல திடல்களில் ஆடத் திறன் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கான தேர்வில் விதிகளும் நன்னடத்தையும் முக்கியம்.

மின்னல் எச்சரிக்கை ஒலி கேட்டால், எவ்வளவு நல்ல ஆட்டமாக இருந்தாலும் மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கூரைக்குள் போய்விடுங்கள். திறந்தவெளியில் கையில் உலோகக் கோலுடன் நிற்பது வீரமன்று.

குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள், பெண் குழந்தைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். பையில் சன்ஸ்கிரீனும் தண்ணீரும் இருக்கட்டும். வீட்டில் புல் வெட்டியோ பை சுமந்தோ வேலை பார்த்த பெரியவர் யாரேனும் இருந்தால், அவரையும் ஒரு நாள் கூப்பிடுங்கள். பயிற்றுநர்கள் சொல்லித்தர மறந்த பாடம் ஒன்று அவரிடம் நிச்சயம் இருக்கும்.